புரியாத மொழியில் ஓர் ஒப்புதல்: உளவியலாளர் தொழில்நெறி குறித்துச் சில எண்ணங்கள்

சுங்கை பூலோ என்றால் கோலாலம்பூர்வாசிகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது பூச்செடிகள்தாம். தீபாவளி நெருங்கும்போது வாசலை அழகுபடுத்த விரும்பும் குடும்பங்கள் ஞாயிறு காலையில் காரை எடுத்துக்கொண்டு அங்குள்ள நாற்றுப் பண்ணைகளுக்குச் செல்வது நெடுநாள் வழக்கம். செம்பருத்தி, மல்லிகை, துளசி என்று விலை பேசி வாங்கி வருகிறோம். அப்பண்ணைகளுள் பல, தொழுநோய்க் குடியிருப்பில் வாழ்ந்து குணமடைந்த மனிதர்களின் உழைப்பில் எழுந்தவை. அடிக்கடி போய்வருவோரிலும் பலர் இதை அறியார்.

அந்தக் குடியிருப்பு 1930ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கோலாலம்பூரில் இருந்த பழைய தொழுநோய் இல்லத்தின் அவலத்தைக் கண்டு மனம் வருந்திய டாக்டர் டிராவர்ஸ் என்ற ஆங்கில மருத்துவர், நோயாளிகள் சிறைக்கைதிகள்போல் அடைபட்டுக் கிடக்காமல் மனிதர்களாக வாழ ஓரிடம் வேண்டும் என்று வாதாடினார். அதன் பயனாக எழுந்ததே சுங்கை பூலோ. பசுமையான பள்ளத்தாக்கு, தனித்தனி வீடுகள், தோட்டம் போட நிலம், பள்ளிக்கூடம், கோவில், பள்ளிவாசல், தேவாலயம் என அது ஒரு சிற்றூராகவே வளர்ந்தது. அங்கே மட்டும் செல்லுபடியாகும் பணத்தாளும் இருந்தது. ஒரு கட்டத்தில் 2,000 பேருக்கு மேல் அங்கே வாழ்ந்தனர். அக்காலத்து உலகில் இதைவிட அன்பான ஏற்பாடு அரிது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால், அந்த வேலிக்குள் யாரும் விரும்பி வரவில்லை. 1926ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைக் கட்டாயமாகப் பிரித்து வைத்தது. உள்ளே சிறையும் இருந்தது. குடியிருப்பில் திருமணம் நடந்தது, குழந்தைகள் பிறந்தன. நோய் தொற்றிவிடும் என்ற அச்சத்தில் அந்தக் குழந்தைகள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, காப்பகத்தில் வளர்ந்து, உறவினரிடமோ தத்து எடுத்தவரிடமோ சென்றனர். பல பத்தாண்டுகள் கழித்துப் பெற்றோரைத் தேடி அங்கே வந்த பிள்ளைகள் உண்டு. கல்லறையை மட்டுமே கண்டு திரும்பியவர்களும் உண்டு. உணவு தந்தார்கள், வீடு தந்தார்கள், மருந்து தந்தார்கள். “இது உனக்குச் சம்மதமா?” என்று கேட்பதற்கு மட்டும் அந்த ஏற்பாட்டில் இடமில்லை.

தொழுநோய்க்குத் தரப்பட்ட சல்ஃபோன் மருந்தைக் கிருமி எதிர்த்து நிற்கும் என்ற உண்மையைச் சுங்கை பூலோவில் நடந்த ஆய்வு 1964இல் நிறுவியது. உலக மருத்துவத்துக்கு அது பெரிய பாடம். அதே ஆண்டில்தான் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கி நகரில் கூடி, மனிதர்களை உட்படுத்தும் ஆய்வுகளில் அவர்களின் ஒப்புதலைப் பெறவேண்டும் என்னும் அறிக்கையை ஏற்றது. நம் ஊரும் அந்தக் கேள்வியும் அப்படி ஒரே ஆண்டில் சந்தித்துக்கொண்டன.

உளவியலாளரின் தொழில்நெறி பற்றி எழுத வந்தவன் தொழுநோய்க் கதை சொல்வதேன் என்று வாசகர் நினைக்கலாம். அங்கே பணியாற்றியவர்கள் மருத்துவர்களும் தாதியரும்தாம், உளவியலாளர்கள் அல்லர். ஆயினும், நல்லெண்ணம் கொண்ட நிபுணர் ஒருவர், எதிரே இருப்பவரைக் கேட்காமல் அவருக்கு நன்மை செய்யப் புறப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட அண்மையான சான்று நம் நாட்டில் எனக்குத் தெரியவில்லை. உடல் நோயாளிக்குக் காயமாவது வெளியே தெரியும். மனம் நொந்து வருபவருக்கு நேரும் தீங்கு வெளியே தெரியாது, தெரிந்தாலும் நம்புவார் குறைவு. ஆகவே, உளவியல் துறைக்கு நெறிமுறை இன்னும் கடுமையாகத் தேவைப்படுகிறது.

அமெரிக்க உளவியல் சங்கம் தன் முதல் நெறிமுறைத் தொகுப்பை 1953இல் வெளியிட்டது. இன்று பல நாடுகளில் உளவியல் மாணவர்கள் அதன் பிந்தைய பதிப்புகளையோ அவற்றைத் தழுவியவற்றையோதான் படிக்கின்றனர். தெரியாத வேலையைச் செய்யாதே, ஒப்புதல் பெறு, கேட்டதை வெளியே சொல்லாதே, உன்னை நாடி வந்தவரிடம் காதலோ கடனோ வைத்துக்கொள்ளாதே. சாரம் ஏறத்தாழ இவ்வளவுதான். தேர்வுக்கு இவற்றை மனப்பாடம் செய்வது எளிது. நம் கிள்ளான் பள்ளத்தாக்கில், நம் மக்களிடையே, இவற்றைக் கடைப்பிடிப்பதற்குள் என்னென்ன குறுக்கே வருகின்றன என்பதுதான் நான் பேச விரும்புவது.

முதலாவது, மொழி.

ஒரு கிளினிக்கில் கண்ட காட்சி இது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. துப்புரவு வேலை செய்பவர். இரவெல்லாம் தூக்கமில்லை என்று வந்திருந்தார். தமிழைத் தவிர வேறு மொழி சரளமாக வராது. கடைவீதி மலாய் பேசுவார், அவ்வளவுதான். உடன் வந்திருந்தவள் படிவம் இரண்டில் பயிலும் மகள். கேள்விகள் மலாயில் வந்தன. மகள் தமிழாக்கினாள், அம்மா பதில் சொன்னார், மகள் மலாயில் சொன்னாள். “வீட்டில் யாராவது அடிக்கிறார்களா?” என்ற கேள்வி வந்தபோது அந்தப் பெண் ஒரு கணம் தரையைப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் கேட்காமலேயே “இல்லை” என்று சொல்லிவிட்டாள். தாளில் “இல்லை” என்று பதிவாயிற்று.

அந்தப் பிள்ளை பொய் சொன்னாள் என்று யார் சொல்ல முடியும்? அப்பாவைக் காட்டிக் கொடுக்கவும் முடியாமல், அம்மாவைக் கைவிடவும் முடியாமல் பதினான்கு வயதில் ஒருத்தி தவிக்கும் இடத்தில் நாம் அவளை நிறுத்திவிட்டோம். கேட்டவரும் கெட்டவர் அல்லர். அன்று அவருக்கு முன்னால் இன்னும் முப்பது பேர் வரிசையில் இருந்திருப்பார்கள்.

இந்தச் சிக்கலை நெறிமுறை நூல்கள் எண்ணிப் பாராமல் இல்லை. அமெரிக்கச் சங்கத்தின் தொகுப்பு, மொழிபெயர்ப்பாளரின் உதவியை நாடும் உளவியலாளர், நாடி வந்தவரோடு வேறு உறவு உள்ளவரிடம் அப்பணியை ஒப்படைப்பதால் தீங்கு வருமெனில் அதைத் தவிர்க்க வேண்டும் என்கிறது. அந்த மொழிபெயர்ப்பாளரைப் பயன்படுத்துவதற்கே தனியாக ஒப்புதல் பெறவும் சொல்கிறது. மகன், மகள், கணவன், மாமியார் ஆகியோர் எல்லாரும் “வேறு உறவு உள்ளவர்”தாம். நம் மக்கள் விஷயத்தில் மொழிபெயர்ப்பாளர் என்றாலே இவர்கள்தாமே? கணவன் மொழிபெயர்க்க, மனைவி தன் கணவனைப் பற்றி எப்படிப் பேசுவாள்?

சொற்களிலும் பள்ளம் உண்டு. நம் வீட்டுப் பெரியவர்கள் “மனச்சோர்வு” என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. “மனசு பாரமா இருக்கு”, “நெஞ்சு அடைக்குது”, “தலைக்குள்ள ஏதோ ஓடுது”, “சோறு இறங்கல” என்பார்கள். நெஞ்சு அடைக்கிறது என்றால் இதயச் சோதனைக்கு அனுப்புவார்கள், அதுவும் சரிதான். ஆனால் இதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தபின் அந்த அம்மா எங்கே போவார்? இன்னொன்று இதைவிடக் கடினம். “செத்துத் தொலையலாம்போல இருக்கு” என்பது நம் வீடுகளில் சோறு குழைந்துவிட்டாலும் வரும் வாக்கியம். அதே வாக்கியம் ஒருநாள் உண்மையாகவும் இருக்கும். எந்த நாளில் எது என்பதைச் சொல்பவரின் குரலும் முகமும் காட்டும். “அம்மா சும்மா அப்படிச் சொல்லுவாங்க” என்று மகன் விட்டுவிட்டால் உளவியலாளருக்கு அது எட்டவே எட்டாது. மாறாக, அவன் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால், குழைந்த சோற்றுக்காக அந்த அம்மா வார்டில் படுக்க நேரிடும்.

இதில் சட்டமும் சேர்ந்து அச்சுறுத்திய காலம் ஒன்று இருந்தது. தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு நம் நாட்டில் 2023இல்தான் நீக்கப்பட்டது. அதுவரை ஓராண்டுவரை சிறை என்று சட்டம் சொன்னது. பிழைத்து வந்த பிள்ளையைப் பற்றி “மாத்திரையைத் தவறுதலா சாப்பிட்டுட்டான்” என்று பெற்றோர் சொல்லியதற்கு மானம் மட்டும் காரணமன்று, போலீசும் காரணம். பிரிவு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. தாமான் வீடுகளில் இன்றும் பலருக்கு அது குற்றமன்று என்பது தெரியாது. இதை அவர்களுக்குப் புரியும் தமிழில் சொல்வதும் ஒப்புதல் பெறுவதன் ஒரு பகுதியே. எதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அறியாதவர் தரும் ஒப்புதலுக்குக் கையொப்பத்தைத் தவிர வேறு மதிப்பில்லை.

பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுத்துக் கூட்டிப் படிக்கவில்லை, ஆசிரியர் கவலைப்படுகிறார், சோதனைக்கு அனுப்புகிறார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழ். சோதனை ஆங்கிலத்திலோ மலாயிலோ நடக்கிறது. பிள்ளைகளின் அறிவுத்திறனை அளக்க உலகெங்கும் பயன்படும் வெக்ஸ்லர் தேர்வு 1949இல் முதன்முதலாக வந்தபோது அமெரிக்கப் பிள்ளைகளை வைத்தே அதன் அளவுகோல் வகுக்கப்பட்டது. பின்னர் பல நாடுகளில் பல மொழிகளில் திருத்தினார்கள். பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து வரும் நம் பையனை மனத்தில் வைத்து யார் திருத்தினார்கள்? அவன் கேள்வி புரியாமல் வாய்மூடி உட்கார்ந்திருந்தால் அது அறிவுக் குறையா, மொழிக் குறையா, முன்பின் தெரியாதவரைக் கண்ட கூச்சமா? பிள்ளையின் மொழிக்கும் திறனுக்கும் ஏற்ற சோதனையைத் தேர்ந்தெடு, இயலாவிடில் உன் முடிவின் வரம்பை வெளிப்படையாக எழுது என்பது நெறி. அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டால் ஓ.கே.யு. அட்டையும் சிறப்பு வகுப்பும் அவன் பின்னாலேயே வரும். உண்மையில் அந்த உதவி தேவைப்படும் பிள்ளைக்கு அட்டை ஒரு வரம். தேவைப்படாத பிள்ளைக்கு அது சுங்கை பூலோவின் பழைய வேலியைப் போன்றதுதான்.

அடுத்து, யார் உளவியலாளர்? இந்தக் கேள்விக்குப் பட்டதாரிகள் கூடச் சரியாக விடை சொல்வதில்லை. ஆலோசகர் என்று தொழில் செய்ய வேண்டுமானால் 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி ஆலோசகர் வாரியத்தில் பதிந்து, தொழில் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எனப்படும் மருத்துவ உளவியலாளர், 2016ஆம் ஆண்டின் இணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் பட்டியலிட்ட 23 தொழில்களுள் ஒன்றைச் சார்ந்தவர். அச்சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு இளங்கலைப் பட்டம் போதாது, அத்துறையில் முதுகலைப் பயிற்சி வேண்டும். மனநல மருத்துவரோ மருத்துவம் படித்தவர், மருந்து எழுதும் உரிமை உள்ளவர். இவை போக, அரசாங்கச் சேவையில் “பெகாவாய் சைக்கோலோகி” என்ற பதவியும் இருக்கிறது. அவர்களுள் பலர் ஆலோசனைத் துறையில் பயின்றவர்கள். வெறுமனே “உளவியலாளர்” என்று பலகை மாட்டிக்கொள்வதற்கோ மேற்சொன்ன இரு சட்டங்களும் வேலி போடவில்லை.

அந்த இடைவெளியில்தான் நம் சமுதாயத்தின் தன்முனைப்பு முகாம்கள் புகுந்தன. கோபித்துக்கொள்ளாதீர்கள், முகாம் நடத்துவோரில் நேர்மையாளர் பலர் உண்டு. கழகத்தின் பெயரில் நாமும் தோட்டத்துப் பள்ளிகளுக்குப் போய் நடத்தியவர்கள்தாமே! ஆனால் எஸ்.பி.எம். தேர்வுக்கு முன் மண்டபத்தில் விளக்குகளை அணைத்து, சோகமான இசையைப் போட்டு, “உன் அம்மா எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறாள் தெரியுமா? நாளைக்கே அவள் செத்துவிட்டால்?” என்று ஒலிபெருக்கியில் கேட்டு, நூறு பிள்ளைகளை ஒரே நேரத்தில் கதற வைக்கும் வழக்கத்தை நீங்கள் கண்டதில்லையா? பிள்ளைகள் அழுதால் முகாம் வெற்றி என்று கணக்கு. போன மாதந்தான் தாயைப் பறிகொடுத்த ஒரு பிள்ளை அந்த இருட்டில் உட்கார்ந்திருக்கக்கூடும். குடித்துவிட்டு வரும் தகப்பனிடம் அடிபட்டவள், “அப்பாவின் காலில் விழுந்து மன்னிப்புக் கேள்” என்ற கட்டளையைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். மறுநாள் அந்தப் பிள்ளையைத் தேடிப் போய் நலம் கேட்பவர் யார்? பேச்சாளர் அதற்குள் அடுத்த ஊருக்குப் போயிருப்பார்.

உளவியலில் இதற்கு நெறி மிகத் தெளிவானது. ஒருவரின் மனத்தைக் கிளறுமுன் அவரிடம் சொல்லிக் கேட்க வேண்டும். நடுவில் எழுந்து போக உரிமை தரவேண்டும். கிளறியபின் விட்டுவிட்டுப் போகக்கூடாது. பள்ளி மாணவர் என்றால் பெற்றோர் இசைவும் வேண்டும். அழ வைப்பது பெரிய வித்தை அன்று. அழுதவரோடு அதன்பிறகு அரைமணி நேரம் உட்காரத் தெரிவதுதான் படிப்பு. எனவே, நம் கழகம் இனி நடத்தும் எந்த முகாமிலும் அந்த இருட்டு அங்கம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இனி மந்தணம். வள்ளுவர் புறங்கூறாமைக்குத் தனி அதிகாரமே வகுத்தார் என்றால், அந்தக் குறை நம்மிடம் எவ்வளவு பழையது என்று எண்ணிக்கொள்ளலாம். தமிழ் தெரிந்த உளவியலாளர் வேண்டும் என்று மேலே வாதாடினேன். அவர் கிடைத்துவிட்டால் புதிய சிக்கல் ஒன்று முளைக்கிறது. கிள்ளானிலோ பிரிக்பீல்ட்சிலோ தமிழ் பேசும் உளவியலாளரைப் பார்க்கப் போனால், அவர் நம் அத்தையோடு ஒன்றாகப் படித்தவராக இருப்பார், அல்லது அவருடைய அண்ணன் நம் கோவில் நிர்வாகத்தில் இருப்பார். நாளைக்கு நம் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது “அந்தக் குடும்பத்தில் ஒரு பொண்ணு தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்” என்ற பேச்சு எழுந்தால் போதும், சம்பந்தம் முறியும். இத்தனைக்கும் அந்தப் பெண் தஞ்சோங் ரம்புத்தான் பக்கமே போயிருக்க மாட்டாள், இரண்டு முறை ஆலோசனைக்குப் போனதோடு சரி. ஆகவே பலர் மொழி தெரியாத சீன உளவியலாளரையே விரும்பித் தேடுகின்றனர். மொழி புரியாவிட்டாலும் மானம் மிஞ்சுமே என்ற கணக்கு அது. அந்தக் கணக்கை நான் குறைசொல்ல மாட்டேன்.

நெறிமுறை இவ்விடத்தில் நினைப்பதைவிட நெகிழ்வானது. எல்லா இரட்டை உறவும் தவறு என்று அது சொல்லவில்லை. நடுநிலையைக் கெடுக்கும், எதிரே இருப்பவருக்குத் தீங்கு தரும் உறவைத்தான் விலக்கச் சொல்கிறது. சிறிய சமுதாயத்தில் முன்பின் தெரியாதவரே கிடைக்கமாட்டார் என்பது அதை எழுதியவர்களுக்கும் தெரியும். செய்யக்கூடியது எளியது. முதல் சந்திப்பிலேயே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்: “நாம் திருவிழாவில் சந்திக்க நேரும். நீங்களாக வணக்கம் சொன்னால் ஒழிய நான் உங்களைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டேன்.” இந்த ஒரு வாக்கியம் பல பேரின் தயக்கத்தைப் போக்கும் என்று நம்புகிறேன்.

மந்தணத்துக்கு எல்லை உண்டா என்று கேட்டால், உண்டு. அந்த எல்லையைச் சட்டம் வகுத்த கதையில் ஓர் இந்திய மாணவர் இருக்கிறார். புரோசெஞ்சித் பொத்தார் இந்தியாவிலிருந்து கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் படிக்கச் சென்றவர். தத்தியானா தாரசோஃப் என்ற பெண்ணைக் கொல்லப்போவதாகப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவின் உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் வளாகக் காவலருக்குத் தெரிவித்தார். அவர்கள் விசாரித்துவிட்டு, தெளிவாகத்தான் இருக்கிறார் என்று விட்டுவிட்டனர். அந்தப் பெண்ணிடமோ அவள் பெற்றோரிடமோ யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 1969 அக்டோபரில் அவள் கொல்லப்பட்டாள். பெற்றோர் தொடுத்த வழக்கில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 1976இல் தீர்ப்பளித்தது. பிறர் உயிருக்கு ஆபத்து என்று அறிந்தால், அவரைக் காக்கத் தக்க நடவடிக்கை எடுக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்றது அத்தீர்ப்பு. அயல்நாட்டில், காதலைத் தவறாகப் புரிந்துகொண்டு உழன்ற மாணவன் என்ற அளவில் அந்த இளைஞனின் நிலை நம் விடுதி மாணவர் பலருக்கு அந்நியமானதன்று. கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. முன்கூட்டியே பேச அவனுக்கு ஓர் ஆள் கிடைத்திருக்க வேண்டும் என்கிறேன்.

சுங்கை பூலோவுக்கே மீண்டும் வருகிறேன். தொழுநோய்க் குடியிருப்பின் கிழக்குப் பகுதி 2007இல் இடிக்கப்பட்டு, அங்கே மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகம் எழுந்தது. 2006இல் திறக்கப்பட்ட பெரிய மருத்துவமனையைக் கோவிட் காலத்தில் நாடே அறிந்துகொண்டது. இவற்றோடு சிறைச்சாலையும் அவ்வூரில் இருக்கிறது. 1996இல் புடு சிறை மூடப்பட்டபோது கைதிகள் பலர் அங்கே மாற்றப்பட்டனர். சிறையில் பணிபுரியும் உளவியல் அதிகாரியிடம் ஒரு கைதி மனம்விட்டுப் பேசுகிறான் என்று வையுங்கள். அந்த அதிகாரிக்குச் சம்பளம் தருவது சிறை. கேட்பதோ கைதியின் துயரம். அவர் யாருக்குக் கடமைப்பட்டவர்? நம் இளைஞர்கள் சிறைகளில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாதாகையால் இது நமக்கு வெறும் பாடப்புத்தகக் கேள்வியாக இருக்க முடியாது.

இந்தக் கேள்விக்குத் தவறான விடை சொல்லிப் பெரும் அவமானம் தேடிக்கொண்டது, உலகுக்கே நெறிமுறை எழுதித் தந்த அமெரிக்க உளவியல் சங்கம்தான். 2001க்குப் பின் அமெரிக்க இராணுவமும் உளவுத்துறையும் கைதிகளைக் கொடுமையாக விசாரித்தபோது உளவியலாளர்கள் அதில் பங்கேற்றனர். அது சரியா என்று ஆராய 2005இல் சங்கம் அமைத்த குழுவில் பெரும்பான்மையோர் அத்துறைகளோடு தொடர்புடையவர்களாகவே இருந்தனர். உளவியலாளர் விசாரணையில் பங்கேற்பது நெறிக்கு உட்பட்டதே என்று அக்குழு எழுதியது. பத்தாண்டு கழித்து, 2015இல், டேவிட் ஹாஃப்மன் என்ற வழக்கறிஞரின் விசாரணை அறிக்கை வெளியானது. பாதுகாப்புத் துறைக்கு இடைஞ்சல் வராதபடி நெறிமுறையைத் தளர்வாக வைத்திருக்கச் சங்கத்தின் முக்கியப் பொறுப்பாளர்கள் சிலர் அத்துறையினரோடு கைகோத்தனர் என்று அது கண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் சங்கத்தின் பேரவை, தேசியப் பாதுகாப்பு விசாரணைகளில் உளவியலாளர் பங்கேற்பதை ஏறத்தாழ ஒருமனதாகத் தடை செய்தது. நெறிமுறைப் புத்தகம் அலமாரியில் இருந்த காலத்தில்தான் இத்தனையும் நடந்தன. சம்பளம் தருபவர் கேட்கும்போது “முடியாது” என்று சொல்ல ஆள் இல்லாமற் போனது.

சரி, பல்கலைக்கழகத் தமிழ்மொழிக் கழகத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நிறையவே இருக்கிறது என்பேன். உளவியல் படிக்கும் தம்பி தங்கையர் நம்மிடையே ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகின்றனர். இளங்கலை முடித்த கையோடு பலகை மாட்ட நினைக்க வேண்டாம். முதுகலைக்கோ ஆலோசகர் பதிவுக்கோ போங்கள். செலவு அதிகம், இடம் குறைவு என்பது உண்மை. அந்தச் செலவில் கைகொடுக்க முன்னாள் மாணவர்கள் முன்வரலாம். ஒவ்வோர் ஆண்டும் விருந்துக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதி போதும் என்பது என் கணக்கு, பொருளாளர் மறுக்கலாம்.

கழகத்தால் மட்டுமே செய்யக்கூடிய வேலை இன்னொன்று உண்டு. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதுவது. அகராதித் தமிழில் எழுதினால் பயனில்லை. “மந்தணம் காக்கப்படும்” என்றால் இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களுக்கே ஒரு வினாடி ஆகும், அந்தத் துப்புரவுத் தொழிலாளி அம்மாவுக்கு அது மலாய்ப் படிவத்தைவிடப் புரியாது. தமிழ்த்துறை மாணவரும் உளவியல் மாணவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும். எழுதியதைப் பேராசிரியரிடம் காட்டுவதற்கு முன், தோட்டத்திலிருந்து தாமானுக்கு வந்த நாலு பாட்டிமாரிடம் படித்துக் காட்டுங்கள். அவர்கள் முகம் சுளிக்கும் இடத்தில் சொல்லை மாற்றுங்கள்.

ஒரு பக்க வரைவை நானே தொடங்கி வைத்திருக்கிறேன். முதல் வரி: “நீங்க சொல்றத நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன், உங்க வீட்டு ஆளுங்ககிட்டயும் சொல்லமாட்டேன்.” இரண்டாவது: “உங்க உயிருக்கோ மத்தவங்க உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் சொல்ல வேண்டிவரும், அப்பவும் முடிஞ்சவரைக்கும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்.” மூன்றாவது ஒரு கேள்வி: “கூட வந்தவங்க இங்கேயே இருக்கட்டுமா?” அதற்குக் கீழே மூன்று கட்டங்கள் போட்டிருக்கிறேன். இருக்கட்டும், வெளிய இருக்கட்டும், அப்புறம் சொல்றேன்.